முத்துப்பழனியைப் போற்றிய நாகரத்தினம்மாள்



முற்காலப் பெண்பாற் புலவர்களைப் போற்றுதல் நமக்குப் பழக்கமான செயல். ஔவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் எனச் சங்கப் புலவர்களின் பெயர்களை மாணவர்கள் மனனம் செய்கின்றனர். காரைக்கால் அம்மையாரும் ஆண்டாளும் கோயில்களில் திருவுருவமாகவே வழிபடப்பெறுகின்றனர். இவர்களைப் போற்றுவதால் நமக்கு எவ்வித இழப்பும் நேர்வதில்லை. மாறாக, நமக்கே பெருமை சேர்கிறது. ஆனால், ஒரு பெண்பாற் புலவரைப் போற்றிய காரணத்தாலேயே ஒருவர் பழிக்கப்பட்டார் என்றும், அவர் பரிவுடன் பதிப்பித்த நூலின் படிகளைக் காவல்துறையினர் கைப்பற்றிச் சென்றனர் என்றும், அந்நூலின் மீதிருந்த தடை நீங்க ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆயின என்றும் கேட்கும்போது, போற்றுதல் என்னும் சொல்லின் பொருள் நமக்குச் சற்று மாறித் தோன்றும்.

அப்புலவர் முத்துப்பழனி. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய அரசவையில் வாழ்ந்து, தெலுங்கில் காவியம் பாடியவர். அவரைப் போற்றியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் புகழ்பெற்று விளங்கிய இசைவாணி. ஒருவரையொருவர் கண்டிராத இவ்விருவரையும் இணைத்தது ஒரு நூல். அந்நூலின் வரலாறே இன்றைய உரையின் பொருள்.

தெலுங்குப் புலவர் ஒருவரைப் பற்றித் தமிழவையில் பேசுவது ஏன் என்னும் ஐயம் எழலாம். முத்துப்பழனி பாடியது தெலுங்கில் என்றாலும், அவர் வாழ்ந்தது காவிரிக் கரையில். அவர் பெயரில் விளங்குவது பழனி. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் பெயர்த்தவர் அவர். ஆதலின், இவ்வரலாறு நமக்கு அயலானது அன்று.

தஞ்சையில் தழைத்த தெலுங்கு

விசயநகரப் பேரரசின் கீழ்த் தோன்றிய நாயக்கர் ஆட்சி தஞ்சையில் 16ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. அரசவையின் இலக்கிய மொழிகளாகத் தெலுங்கும் வடமொழியும் வளர்ந்தன. மக்கள் பேசிய மொழி தமிழாகவும், அவையில் அரங்கேறிய காவியம் தெலுங்காகவும் இருந்த காலம் அது. இரகுநாத நாயக்கரும் அவர் மகன் விசயராகவ நாயக்கரும் தாமே நூல்கள் இயற்றினர்.

இவர்கள் அவையில் பெண்பாற் புலவர்கள் சிறப்பிடம் பெற்றிருந்தனர். இராமபத்ராம்பா இரகுநாதரின் வாழ்வைப் பொருளாகக் கொண்டு வடமொழியில் இரகுநாதாப்யுதயம் பாடினார். மதுரவாணி இரகுநாதரின் இராமாயணத்தை வடமொழிக்குக் கொண்டுசென்றார். விசயராகவர் அவையில் இரங்காசம்மா மன்னாருதாச விலாசத்தை இயற்றினார். 1673இல் நாயக்கர் ஆட்சி வீழ்ந்து, சில ஆண்டுகளில் மராத்தியர் தஞ்சையைக் கைக்கொண்ட பின்னரும் தெலுங்கு இலக்கியமும் இசையும் நாட்டியமும் அரசின் ஆதரவை இழக்கவில்லை.

இங்கே ஒரு செய்தியை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அக்காலத்தில் இல்லறப் பெண்களில் மிகப் பெரும்பாலோர்க்கு எழுத்தறிவு எட்டாத ஒன்றாகவே இருந்தது. இலக்கணம், காவியம், இசை, நாட்டியம் ஆகியவற்றை முறையாகப் பயிலும் வாய்ப்பு, கோயிலையும் அரசவையையும் சார்ந்து வாழ்ந்த கணிகையர் குலப் பெண்களுக்கே பெரும்பாலும் கிட்டியது. பெண்ணுக்குக் கல்வி கிடைத்த இடமும் சமுதாயம் இழிவாகக் கருதத் தலைப்பட்ட இடமும் ஒன்றாகவே அமைந்தன. பின்னாளில் எழுந்த பூசல் அனைத்துக்கும் இம்முரணே வேர் எனலாம்.

தன்னைத் தானே அறிமுகம் செய்துகொண்ட புலவர்

மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்டார். அவர் அவையில் விளங்கியவர் முத்துப்பழனி. தெலுங்கிலும் வடமொழியிலும் புலமை பெற்றவர்; நாட்டியத்திலும் தேர்ந்தவர். அவருடைய பாட்டி தஞ்சநாயகியும் கலையில் சிறந்து அவையில் மதிக்கப்பெற்றவரே.

முத்துப்பழனி இயற்றிய காவியம் ‘ராதிகா சாந்த்வனமு’. ராதையின் ஊடலைத் தணித்தல் என்பது அப்பெயரின் பொருள். நான்கு பகுதிகளையும் 584 பாடல்களையும் கொண்டது. இதனையன்றிச் செயதேவரின் அட்டபதியையும் ஆண்டாளின் திருப்பாவையையும் அவர் தெலுங்கில் தந்தார்.

காவியம் பாடும் புலவர் நூலின் தொடக்கத்தில் தம் குலமும் ஆசானும் கூறுதல் மரபு. பொதுவாக அக்குலவரிசை தந்தை, பாட்டன் என ஆண்வழியில் செல்லும். முத்துப்பழனியோ தம் பாட்டி முதலிய பெண்களின் புலமையைப் பெருமையுடன் எடுத்துரைக்கிறார். அதனோடு அவர் அமையவில்லை. அறிஞர்க்குப் பரிசில் வழங்கிச் சிறப்பித்த பெண்ணும், புலவர்கள் தம் காவியங்களைக் காணிக்கையாக்கும் பேறு பெற்ற பெண்ணும் தம்மையன்றி வேறு யாருளர் என்னும் பொருள்பட வினவுகிறார். பரிசில் பெறும் நிலையில் நின்று பாடிய புலவர்கள் மிகப் பலர். பரிசில் வழங்கிய நிலையில் நின்று பாடிய பெண்ணின் குரல் இலக்கிய வரலாற்றில் அரிதாகவே ஒலிக்கிறது. இதனைச் செருக்கு என்று கொள்வோரும் உளர். தம் உழைப்பின் மதிப்பைத் தாமே அறிந்த ஒருவரின் கூற்றாகவும் இதனைக் கொள்ளலாம்.

ஊடலின் மறுபக்கம்

காவியத்தின் கதை எளியது. கண்ணனிடம் ஆழ்ந்த காதல் கொண்ட ராதை, தான் வளர்த்த இளைதேவி என்னும் பெண்ணைத் தானே முன்னின்று அவனுக்கு மணம் செய்விக்கிறாள். இல்லற இன்பம் குறித்து மணமக்கள் இருவர்க்கும் அறிவுரையும் கூறுகிறாள். மணம் முடிந்தபின், தான் இழந்தது யாது என்பது அவளுக்கு விளங்குகிறது. கண்ணன் புதுமனைவியிடம் மனம் ஒன்றிப்போகிறான். ராதையின் பெருந்தன்மை துயராகவும், துயர் சினமாகவும் மாறுகிறது. கிளியைத் தூது விடுகிறாள். இறுதியில் கண்ணன் வந்து அவளைப் பணிந்து தேற்றுகிறான்.

தமிழ் அகமரபை அறிந்த நமக்கு இக்களம் புதியதன்று. ஊடலும் ஊடல் நிமித்தமும் மருதத்திணையின் உரிப்பொருள். மருதப் பாடல்களில் தலைவன் பரத்தையை நாடிப் பிரிவதும், தலைவி ஊடுவதும், தோழி வாயில் மறுப்பதும் காணலாம். பரத்தையே பேசுவதாக அமைந்த பாடல்களும் உண்டு. குறுந்தொகையில் ஆலங்குடி வங்கனார் பாடிய 8ஆம் பாடலும் ஔவையார் பாடிய 80ஆம் பாடலும் அத்தகையன. அவை பரத்தையின் கூற்றாகப் பிறர் பாடியவை. முத்துப்பழனியின் காவியத்திலோ, உலகம் எக்குலத்தைப் பரத்தையர் என்று சுட்டியதோ அக்குலத்தில் பிறந்த ஒருவர் எழுத்தாணியைத் தாமே ஏந்துகிறார்.

அவருடைய நூற்றாண்டிலேயே தமிழில் எழுந்த சில நூல்களோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். சுப்பிரதீபக் கவிராயரின் கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றது. விறலிவிடு தூது என்னும் சிற்றிலக்கிய வகையில் கணிகை என்பவள் ஆடவனை மயக்கிப் பொருளைக் கவர்ந்து துரத்துபவள். நகைப்புக்கும் எச்சரிக்கைக்கும் உரியவள். இன்பச்சுவை அவற்றில் ஒளிவு மறைவின்றி ஓடுகிறது. ஆயினும், அவற்றைப் பாடிய ஆண் புலவரின் ஒழுக்கத்தை எவரும் அதனால் அளந்ததில்லை.

முத்துப்பழனியின் ராதை நகைப்புக்குரியவள் அல்லள். மூப்பை உணரத் தொடங்கிய, தானே கொடுத்ததைத் தானே இழந்து வருந்தும் ஒரு பெண். அவள் உள்ளம் அமைதியுறுவதே காவியத்தின் முடிவு. இறைவனே ஆயினும் அவன் இறங்கி வந்து தேற்ற வேண்டும் என்னும் நிலையில் அவளை நிறுத்துகிறார் புலவர். இன்பம், ஏக்கம், பொறாமை ஆகியவற்றைப் பெண்ணின் பக்கம் நின்று வெளிப்படையாகக் கூறுவதே இந்நூலின் புதுமை. பின்னர் இந்நூல் கண்டனத்துக்கு இலக்கானதும் இவ்வெளிப்படையினால்தான்.

நூலைத் தேடிய வாசகி

நாகரத்தினம்மாள் 1878ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் பிறந்தார். அவருடைய தாயார் புட்டலட்சுமி. தந்தையின் ஆதரவு இல்லாத நிலையில் மகளை வளர்த்த அத்தாய், வறுமையிலும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. கன்னடமும் தெலுங்கும் வடமொழியும் ஆங்கிலமும் இசையும் பயின்று வளர்ந்த நாகரத்தினம்மாள், பின்னர்ச் சென்னையில் குடியேறித் தென்னாட்டின் முன்னணிப் பாடகியருள் ஒருவரானார். முத்துப்பழனி பிறந்த அதே தேவதாசி மரபில் வந்தவர் அவரும்.

தஞ்சைக் காலத் தெலுங்கு இலக்கியத்தைப் பற்றிய நூலொன்றைப் படித்தபோது முத்துப்பழனியின் பெயரும் காவியமும் அவர் கண்ணில் பட்டன. நூலைத் தேடினார். அவருக்கு முதலில் கிடைத்தது செம்மையற்ற ஓர் அச்சுப்படி. இந்நூல் 1887இலும் 1907இலும் வெங்கடநரசு என்னும் அறிஞரால் அச்சிடப்பட்டிருந்தது. தெலுங்குச் சுவடிகளைத் திரட்டி அகராதி தொகுத்த சார்லசு பிலிப் பிரவுனோடு பணியாற்றியவர் அவர். பின்னர் நாகரத்தினம்மாளுக்குச் சுவடியின் படியொன்று கிட்டியது. இரண்டையும் ஒப்பிட்டபோது, அச்சுப்படியில் நூலின் பகுதிகள் விடுபட்டிருப்பது தெரியவந்தது. முத்துப்பழனி தம் குலத்தையும் புலமையையும் எடுத்துரைக்கும் முன்னுரைப் பகுதியும் விடுபட்டவற்றுள் ஒன்று.

இதனை மாணவர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இன்பச்சுவை மிகுந்த பாடல்களை நீக்குதற்கு அக்காலத்தார் ஒழுக்கத்தைக் காரணம் காட்டலாம். ஆனால், ஒரு பெண் தன் பாட்டியின் பெயரையும் தன் புலமையையும் கூறும் பகுதியில் ஒழுக்கக்கேடு எங்கே உள்ளது? அப்பகுதி இல்லாத நூலில், பாடியவர் பெண் என்னும் செய்தியே மங்கிப்போகிறது. நூல் எஞ்சியது, நூலாசிரியர் மறைந்தார்.

நாகரத்தினம்மாள் முழுநூலையும் செப்பம் செய்து பதிப்பித்தார். சென்னையில் 1854 முதல் தெலுங்கு, வடமொழி நூல்களை வெளியிட்டுவந்த வாவிள்ள இராமசாமி சாத்திரிலு நிறுவனத்தின் வழியாக 1910இல் அது வெளிவந்தது. இந்நூலை எத்தனை முறை படித்தாலும் தமக்குத் தெவிட்டவில்லை என்பதையும், இதனை இயற்றியவர் ஒரு பெண், அதிலும் தம் குலத்தில் பிறந்த ஒரு பெண் என்பதால் இதனை முறையாக வெளியிடும் ஆர்வம் தமக்கு உண்டானது என்பதையும் அவர் முன்னுரையில் புலப்படுத்தினார்.

உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய காலமும் இதுவே. ஆங்குப் பதிப்பாசிரியரை நாடு கொண்டாடியது. இங்கோ நிகழ்ந்தது வேறு.

சீர்திருத்தவாதியின் தீர்ப்பு

கந்துகூரி வீரேசலிங்கம் தெலுங்கு நாட்டின் மறுமலர்ச்சியைத் தோற்றுவித்த பெருமகனார். பெண் கல்விக்காகப் பள்ளி நிறுவியவர். 1881ஆம் ஆண்டு இராசமுந்திரியில் கைம்பெண் மறுமணத்தை முன்னின்று நடத்தி, அதற்காக ஊரார் பகையைத் தாங்கியவர். தெலுங்கில் பெண்களுக்காக அவர் ஆற்றிய பணிக்கு ஈடு காண்பது அரிது. அவரே முத்துப்பழனியைக் கடுமையாகப் பழித்தார் என்பதே இவ்வரலாற்றின் வேதனை.

தெலுங்குக் கவிஞர்களைப் பற்றி அவர் எழுதிய வரலாற்று நூலில் முத்துப்பழனியின் குலத்தைச் சுட்டி இழித்துரைத்தார். பெண் ஒருத்தியின் வாயிலிருந்து வரத்தகாத செய்திகள் இந்நூலில் நிறைந்துள்ளன என்பது அவர் கருத்து. அன்றைய சீர்திருத்த இயக்கத்தார் கணிகையர் முறையை ஒழிக்கப் போராடிக்கொண்டிருந்தனர். அம்முறையில் பெண்கள் பட்ட துன்பம் பொய்யன்று. அதனை ஒழிக்க முயன்றதும் தவறன்று. ஆயின், ஒரு முறையை எதிர்ப்பதற்கும் அம்முறைக்குள் வாழ்ந்த பெண்ணின் புலமையை மறுப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை வீரேசலிங்கம் காணத் தவறினார்.

நாகரத்தினம்மாள் அஞ்சாமல் விடையிறுத்தார். நாணம் என்பது பெண்ணுக்கு மட்டும் உரியதா, ஆணுக்கு வேண்டாமா என்பது அவர் எழுப்பிய வினா. கணிகை என்பதால் நாணமின்றி எழுதினாள் என்றால், நற்குடிப் பிறந்த ஆடவர் அவ்வாறே எழுதியதற்கு யாது காரணம் கூறுவது என்றும் கேட்டார். அத்துடன் நில்லாமல், வைசயந்தி விலாசம் என்னும் தெலுங்குக் காவியத்தைச் சான்றாகக் காட்டினார். சாரங்கு தம்மய்யா என்னும் ஆண் புலவர் பாடிய அந்நூலில் இன்பச்சுவை குறைவின்றி உள்ளது. அதனைத் திருத்திப் பதிப்பித்தவர் வீரேசலிங்கமே. அதன் கதைத் தலைவன் விப்ரநாராயணன் நமக்கு அறிமுகமானவன். தேவதேவி என்னும் கணிகையிடம் மனம் இழந்து, பின்னர் அரங்கன் அருளால் மீண்டு, தொண்டரடிப்பொடியாழ்வாராக விளங்கியவரே அவர்.

நாகரத்தினம்மாளின் விடை இன்றளவும் வலிமை குன்றாதது. முத்துப்பழனிக்குச் சலுகை காட்டுமாறு அவர் வேண்டவில்லை. பெண் என்பதால் மன்னிக்குமாறும் கேட்கவில்லை. ஆண்பாற் புலவரை அளக்கும் அதே கோலால் பெண்பாற் புலவரையும் அளக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது.

தடையும் மீட்சியும்

எதிர்ப்பு ஓயவில்லை. நூலாசிரியரும் பதிப்பாசிரியரும் ஒரே குலத்தினர் என்பதைச் சுட்டி எள்ளி நகையாடினர் சிலர். 1911ஆம் ஆண்டளவில் அரசின் தெலுங்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த கோடேடி கனகராசு பந்துலு நூலை ஆய்ந்து, அதன் சில பகுதிகள் ஆபாசமானவை என்று அரசுக்குத் தெரிவித்தார். அதனைத் தொடர்ந்து காவல்துறையினர் படிகளைக் கைப்பற்றினர். நூல் விற்பனை தடைப்பட்டது.

பதிப்பகத்தாரும் தெலுங்கு அறிஞர்களும் அரசுக்கு முறையிட்டனர். இவ்வளவுகோலை ஏற்றால் தொல்லிலக்கியங்கள் பலவற்றையும் தடைசெய்ய நேரும் என்பது அவர்கள் வாதம். அவ்வாதம் எடுபடவில்லை. வெளிநாட்டு ஆட்சியாளர் கொணர்ந்த சட்டத்தை, உள்நாட்டு அறிஞர் ஒருவரின் மொழிபெயர்ப்பே இயங்கச் செய்தது. அரசவைகள் மறைந்து, அச்சும் பள்ளியும் ஆங்கில ஒழுக்கநெறியும் இலக்கியச் சுவையை வகுக்கத் தொடங்கிய காலத்தில், தஞ்சை அவையில் அரங்கேறிய ஒரு காவியம் சென்னைக் கடையில் குற்றப்பொருளாயிற்று.

இந்திய விடுதலையை ஒட்டிய காலத்தில், டி. பிரகாசம் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தபோது, இத்தடையை நீக்க வழி பிறந்தது. 1947ஆம் ஆண்டிலேயே கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டமும் சென்னையில் நிறைவேறியது. அம்முறையை ஒழிக்கும் முயற்சியைப் பல ஆண்டுகள் முன்னெடுத்தவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. தம் குலப் பெண்களின் கலையையும் உரிமையையும் கருதி அம்முயற்சியை எதிர்த்தவர்களுள் நாகரத்தினம்மாளும் ஒருவர். ஒரு முறை முடிவுக்கு வந்தது. அம்முறையில் பிறந்த காவியம் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்பது இயலும் என்பதை உணர நமக்கு அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன.

வாவிள்ள நிறுவனம் 1952இல் நூலை மீண்டும் வெளியிட்டது. அதே ஆண்டு மே 19ஆம் நாள் நாகரத்தினம்மாள் இயற்கை எய்தினார்.

திருவையாற்றுச் சான்று

தமிழகத்தார் நாகரத்தினம்மாளை நினைவுகூர்வது பெரும்பாலும் இந்நூலால் அன்று, திருவையாற்றால். தியாகராசர் 1847இல் மறைந்தபின் அவருடைய சமாதி காலப்போக்கில் பேணுவாரின்றிப் பாழ்பட்டது. அதனை அறிந்த நாகரத்தினம்மாள், தம் நகைகளையும் உடைமைகளையும் விற்றுத் திரட்டிய பொருளால் அங்குக் கோயில் எழுப்பினார். 1921இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சில ஆண்டுகளில் பணி நிறைவுற்றது.

கோயிலைக் கட்டியவர் அவர். ஆனால், அங்கு நடைபெற்ற ஆராதனையில் பெண்கள் பாடுவதற்கு இடம் இல்லை. அவர் மனம் தளரவில்லை. 1927இல் பெண்களுக்கெனத் தனி இசைவிழாவைச் சமாதியின் பின்புறத்தில் தொடங்கினார். ஆண்டுதோறும் பெண்கள் வந்து பாடினர். 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிந்திருந்த குழுக்கள் ஒன்றுபட்டன. பெண்களும் ஆராதனையில் பாடும் உரிமை பெற்றனர். இன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பெண்கள் அமர்ந்து பாடுவதை நாம் இயல்பென ஏற்கிறோம். அவ்வியல்பு ஒருவரால் பெற்றுத்தரப்பட்டது. தியாகராசரின் சமாதிக்கு அண்மையிலேயே நாகரத்தினம்மாளின் சமாதியும் அமைந்துள்ளது.

காவியத்தில் அவர் செய்ததும் சமாதியில் அவர் செய்ததும் ஒரே பணியின் இரு வடிவங்கள். சிதைந்ததைக் கண்டார், முழுமை செய்தார், அதற்காக ஏற்பட்ட இழப்பைத் தாமே தாங்கினார்.

நமக்குரிய பாடம்

ஆண்டாளை முத்துப்பழனி போற்றினார்; அதனால் திருப்பாவை தெலுங்கு பேசியது. முத்துப்பழனியை நாகரத்தினம்மாள் போற்றினார். அதனால் ஒரு காவியம் முழுவடிவில் நம் காலம்வரை வந்தது. மொழியாலும் நூற்றாண்டாலும் வேறுபட்ட மூவரை இணைக்கும் இச்சங்கிலியில், போற்றுதல் என்பது புகழுரையாக நின்றுவிடவில்லை. ஒருவருக்கு அது மொழிபெயர்ப்பாயிற்று, மற்றொருவருக்குப் பதிப்பாயிற்று. இருவர்க்கும் அது உழைப்பே.

நாம் எவ்வாறு போற்றுகிறோம்? ஆண்டாளையே எடுத்துக்கொள்வோம். திருப்பாவையின் 30 பாசுரங்களை மார்கழி முழுவதும் ஓதுகிறோம். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் கனவில் கண்ட திருமணத்தைப் பாடும் பதிகத்தை மட்டும் திருமண இல்லங்களில் கேட்கிறோம். ஏனையவற்றில் ஆண்டாள் தம் வேட்கையை வெளிப்படையாகக் கூறும் இடங்களை ஓசையின்றிக் கடந்துவிடுகிறோம். காவல்துறை வரவில்லை, சட்டம் தடுக்கவில்லை, ஆயினும் 1887ஆம் ஆண்டுப் பதிப்பாளர் செய்ததையே நாமும் செய்கிறோம் அல்லவா?

வகுப்பறையில் எதனை எவ்வயதினர்க்குக் கற்பிப்பது என்பதை முடிவு செய்யும் பொறுப்பு ஆசிரியர்க்கு உண்டு. தொடக்கப்பள்ளி மாணவர்க்கு ஊடற்பாடல் தேவையில்லை என்பதில் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. ஆனால், தெரிவு செய்து கற்பிப்பது வேறு. விடுத்ததை இல்லையென ஆக்குவது வேறு. இந்நூலில் இன்னும் சில பகுதிகள் உள்ளன, வளர்ந்தபின் படியுங்கள் என்று கூறும் ஆசிரியர், கதவைச் சாத்தினாலும் திறவுகோலை மாணவரிடமே விட்டுச் செல்கிறார். அவ்வாறு கூறாத ஆசிரியர், அங்கொரு கதவு இருப்பதையே மறைத்துவிடுகிறார்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்க விழைகிறேன். பெண்பாற் புலவர் ஒருவரின் நூலைப் படிக்கும்போது, அதே பொருளை அதே காலத்தில் பாடிய ஆண்பாற் புலவர் ஒருவரின் நூலையும் உடன் வைத்துப் படியுங்கள். உரையாசிரியரும் இலக்கிய வரலாற்றாசிரியரும் இருவரைப் பற்றியும் கூறும் சொற்களைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஆணின் நூலைக் குறித்துப் பேசும்போது நூலைப் பற்றியும், பெண்ணின் நூலைக் குறித்துப் பேசும்போது அவள் வாழ்வைப் பற்றியும் எழுதியிருந்தால், அங்கே நின்று வினா எழுப்புங்கள். நாகரத்தினம்மாள் எழுப்பிய வினா அதுவே.

அவர் கல்லூரியில் பயின்றவர் அல்லர். பேராசிரியர் பதவி வகித்தவரும் அல்லர். ஒரு நூலை விரும்பிப் படித்தார். அதில் பக்கங்கள் குறைவதைக் கண்டார். அப்பக்கங்களைத் தேடிச் சென்றார். அன்று அவர் தேடிச் சேர்த்த முன்னுரைப் பகுதியைத் தெலுங்கு அறிந்தவர் இன்று புரட்டினால், தஞ்சநாயகியின் பெயர்த்தி தம் பெயரைத் தாமே கூறுவதைக் கேட்கலாம்.